காட்டு வான்கோழியும் நம் காட்டுக்கோழியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வசந்த காலத்துக் காட்டு வான்கோழி வேட்டைக்கு முதன்முறையாகப் போன ஒருவரின் அனுபவத்தைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியிட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரை. ஆனால் விடியற்காலையில் மரத்தடியில் உட்கார்ந்து பெட்டையைப் போலக் குரல் கொடுத்தால் சேவல் வந்து நிற்கும், சுட வேண்டியதுதான் பாக்கி என்ற நினைப்பையே அது வாசகர் மனதில் விட்டுச் செல்கிறது. நீலகிரியில் அந்த நினைப்பு ஆபத்தானது. இங்கே பல இளைஞர்களின் கைபேசியில் இந்த வேட்டைக் காணொளிகள் ஓடுகின்றன. 'அங்கே வான்கோழி என்றால் இங்கே காட்டுக்கோழி' என்ற பேச்சைக் கோத்தகிரி டீக்கடைகளிலேயே கேட்கலாம். ஆகவே அந்த வேட்டை உண்மையில் எப்படி நடக்கிறது, புதியவர் எங்கே சறுக்குகிறார், இங்கே அது ஏன் கூடாது, அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது எது என்று சற்று விரிவாக எழுதுகிறோம். கையெழுத்திட்டிருப்பவர்களில் சிலர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உரிமம் எடுத்து வேட்டைக்குப் போனவர்கள். மற்றவர்கள் இந்த மலையில் பறவைக் கணக்கெடுப்பில் ஈடுபடுகிறவர்கள்.

இணைசேரும் காலத்தில் வேட்டையாடலாமா என்று கட்டுரையைப் படித்த பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வான்கோழிச் சேவல் பல பெட்டைகளோடு சேரும். அடைகாப்பதிலும் குஞ்சு வளர்ப்பதிலும் அதற்குப் பங்கே கிடையாது. பெட்டை தரையில் சருகு நடுவே ஒரு பள்ளத்தில் நாளுக்கு ஒன்று வீதம் 10 முதல் 12 முட்டை இட்டு, ஏறத்தாழ 28 நாள் தனியாகவே அடைகாக்கும். பெரும்பாலான பெட்டைகள் இணைசேர்ந்து அடையில் உட்காரத் தொடங்கும் சமயம் பார்த்துச் சேவலுக்கு மட்டும் வேட்டைப் பருவத்தைத் திறக்கிறார்கள். ஃபுளோரிடாவில் மார்ச்சிலேயே தொடங்கிவிடும். பென்சில்வேனியாவில் மே 1-ஐ ஒட்டி வரும் சனிக்கிழமை. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து வேட்டையாடலாம். பருவத்தின் முதல் பாதியில் நண்பகலோடு நிறுத்திவிட வேண்டும். அடையிலிருக்கும் பெட்டையைக் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த கெடு அது. பெட்டை கலைந்து எழுந்தால் அந்த ஈட்டு முட்டை முழுவதும் போய்விடலாம்.

இந்த ஏற்பாடு சும்மா வந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழிப்பாலும் வரைமுறையற்ற வேட்டையாலும் பல மாநிலங்களில் காட்டு வான்கோழி அறவே இல்லாமல் போயிற்று. முதலில் பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். நரியையும் பருந்தையும் கண்டு ஒளியத் தாயிடம் கற்காத பறவைகள், நிலைக்கவில்லை. 1950-களிலிருந்து, தானியம் தூவி, வெடிவிசையில் பாயும் பெரிய வலையால் காட்டுப் பறவைகளையே கூட்டமாகப் பிடித்து, வெறுமையான காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அதுதான் பலித்தது. இன்று அமெரிக்காவில் 60 லட்சம் அளவுக்கு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். செலவில் பெரும்பகுதி வேட்டைக்காரர்களிடமிருந்தே வந்தது. 1937-ன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீள் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 சதவீத வரியும், உரிமக் கட்டணமும் மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகின்றன. தென்கிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் அண்மைக் காலத்தில் பறவை குறைந்தபோது பருவத்தைத் தள்ளிவைத்தார்கள், ஒருவர் சுடக்கூடிய எண்ணிக்கையைக் குறைத்தார்கள். எண்ணுகிறார்கள், எண்ணிப் பார்த்து விதியை மாற்றுகிறார்கள். இதைக் கட்டுரை ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும்.

இனி வேட்டைக்கு வருவோம். புதியவர் முதலில் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் தேறி உரிமம் வாங்க வேண்டும். பென்சில்வேனியாவில் வசந்தத்தில் தாடி உள்ள பறவையை மட்டுமே சுடலாம். தாடி என்பது நெஞ்சிலிருந்து தொங்கும் முரட்டு மயிர்க்கற்றை. முதிர்ந்த சேவலுக்கு 9, 10 அங்குலம் இருக்கும். ஒரு வயதுச் சேவலுக்கு நாலைந்து அங்குலத்துக்குள். பெட்டைகளிலும் சிலவற்றுக்கு மெல்லிய தாடி முளைக்கும் என்பதால் தலையையும் உடலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேவலின் தலை மொட்டையாக, சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக மாறி மாறித் தெரியும். பெட்டையின் தலை மங்கல். முதிர்ந்த சேவல் 8 முதல் 10 கிலோ வரும், பெட்டை அதில் பாதி. வாலை விரிக்கும்போது நடு இறகுகள் மட்டும் நீண்டு துருத்தினால் ஒரு வயதுக் குட்டிச் சேவல். விசிறி முழுவதும் ஒரே வளைவாக இருந்தால் முதிர்ந்தது.

வேட்டையின் பெரும்பகுதி பருவம் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. வான்கோழி இரவில் உயர்ந்த மரக்கிளையில் அடையும். எந்த மரக்கூட்டத்தில் அடைகிறது, விடிந்ததும் எந்தப் பக்கம் இறங்கி எங்கே மேய்கிறது என்பது தெரியாமல் துப்பாக்கியோடு போவது வீண். தடயம் படிக்கக் கற்க வேண்டும். சேவலின் எச்சம் நீண்டு ஒரு முனை வளைந்திருக்கும், பெட்டையுடையது சுருண்டு குவிந்திருக்கும். உதிர்ந்த மார்பிறகின் நுனி கருப்பானால் சேவல், வெளிறிய பழுப்பானால் பெட்டை. சருகைக் கிளறிய இடம், புழுதிக் குளியல் போட்ட குழி, சேற்றில் பதிந்த கால்தடம் எல்லாம் குறிப்பில் ஏற வேண்டும். மாலையில் இருட்டும் நேரத்தில் ஆந்தையைப் போலக் கூவினாலோ, பகலில் காக்கையைப் போலக் கத்தினாலோ, சேவல் தன்னை அடக்க முடியாமல் பதிலுக்குக் கொக்கரித்துவிடும். அது எந்த மரம் என்று காட்டிக் கொடுத்துவிடும். இந்த வேலைக்குப் பெட்டைக் குரலைப் பயன்படுத்துவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் முதல் கெடுதல். பருவத்துக்கு முன்பே பொய்க் குரலுக்கு நாலு தடவை வந்து ஏமாந்த சேவல், பருவம் திறக்கும்போது வாயை மூடிக்கொள்ளும்.

குரல் கொடுக்கும் கருவிகள் மூன்று வகை. புதியவருக்கு நாங்கள் சொல்வது பாக்ஸ் கால். மெல்லிய மரத்தில் செய்த நீள்பெட்டி. அதன் மூடி ஒரு திருகில் சுழன்று பக்கப் பலகையின் விளிம்பில் உரசும். எண்ணெய் காணாத கதவுக் கீலின் ஓசையை ஒத்த, முதலில் உயர்ந்தும் பிறகு தாழ்ந்தும் வரும் இரட்டைச் சுரம் அதில் எளிதாக வரும். மூடியின் அடியில் மெழுகும் எண்ணெயும் சேராத சாக்குக்கட்டியைத் தேய்க்க வேண்டும். உரசும் இடத்தில் விரல் பட்டால் தோலின் எண்ணெய் ஏறி வழுக்கும், ஒலி உடைந்துவிடும். மழை பட்டாலோ அடியோடு ஊமை. பிளாஸ்டிக் பைக்குள் வைத்தபடியே இயக்கப் பழகிக்கொள்வது நல்லது. இரண்டாவது, ஸ்லேட் பதித்த வட்டத் தட்டும் ஒரு மரக்குச்சியும். தட்டின் பரப்பை உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே குச்சியைச் சின்னச் சின்ன நீள்வட்டமாக இழுக்க வேண்டும். நுனி பரப்பை விட்டு எழக் கூடாது. எழுந்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் முன் ஒரு டிக் சத்தம் வரும். மெல்லிய குரலுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் இரண்டு கையும் வேண்டும், அசைவு தெரியும். மூன்றாவது, மேலண்ணத்தில் ஒட்டவைத்து ஊதும் லேடக்ஸ் சவ்வு. கை இரண்டும் துப்பாக்கியில் இருக்கலாம் என்பதால் அனுபவசாலிகள் இதையே வைத்துக்கொள்கிறார்கள். ஆரம்பத்தில் குமட்டும், பழக வாரக்கணக்கில் ஆகும்.

சுரம் சற்றுப் பிசகினால்கூட வான்கோழி மன்னிக்கும். தாளம் பிசகினால் மன்னிக்காது. பெட்டையின் சாதாரணக் கூப்பிடு குரல் ஐந்து முதல் ஏழு சுரம், சீரான இடைவெளியில் வரும். விடியும் முன் மரத்தில் இருக்கும்போது மூன்று நான்கு சுரம், மிக மெல்ல. தரையில் இறங்கிய பிறகு சற்று உரக்க. நிம்மதியாக மேயும்போது ஒற்றைச் 'சக்' ஒலியும் தொண்டைக்குள் உருட்டும் ஒலியும் வரும். அந்தச் 'சக்'கை அவசரத்தில் அழுத்தி அடித்தால் அதுவே அபாயக் குரலாகிவிடும். கேட்ட அடுத்த விநாடி சேவல் திரும்பி நடக்கும். இன்னொரு பெரிய தவறு, ஓயாமல் கூப்பிடுவது. இயற்கையில் சேவல் நின்ற இடத்தில் கொக்கரிக்கும், பெட்டைதான் தேடிப் போகும். நாம் அதைத் தலைகீழாக நடத்தப் பார்க்கிறோம். நாம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், 'இதோ வருகிறாள்' என்று அது அங்கேயே நின்று வாலை விரித்துக்கொண்டிருக்கும். இரண்டு முறை பதில் வந்துவிட்டதென்றால் நாம் எந்த மரத்தடியில் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் மௌனம்தான் அதை நடக்க வைக்கும்.

உட்காரும் இடம்: அடைந்த மரத்திலிருந்து 100 முதல் 150 கஜம். அதைவிட நெருங்கினால் மேலிருந்து பார்த்துவிடும். விடிய ஒரு மணி நேரம் முன்பே, டார்ச் அடிக்காமல் போய்ச் சேர வேண்டும். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். உருவக்கோடு மரத்தோடு கலந்துவிடும். அதைவிட முக்கியமாக, பின்னாலிருந்து வேறொரு வேட்டைக்காரர் தவறாகச் சுட்டால் மரம் காக்கும். வலக்கைக்காரர் இடத் தோள் சேவல் வரும் திசையைப் பார்க்கும்படி அமர்ந்து, இட முழங்காலை மடக்கி அதன்மேல் துப்பாக்கியை முன்கூட்டியே ஏற்றி வைத்திருக்க வேண்டும். வான்கோழியின் கண் மனிதக் கண்ணைவிடக் கூர்மை, பக்கவாட்டில் பரந்த பார்வை, நிறமும் தெரியும். முகம், கை, கழுத்து எல்லாம் மூடியிருக்க வேண்டும். அது தலையை ஒரு மரத்தின் பின்னால் கொண்டுபோகும் கணத்தில் மட்டும்தான் நாம் அசையலாம். உண்ணிக்கு பெர்மெத்ரின் மருந்தைத் துணியில் தெளித்து உலர வைத்து உடுத்த வேண்டும், தோலில் படக் கூடாது. உட்காரத் தடித்த பஞ்சணை ஒன்று கட்டாயம். சொல்ல அற்பமாகத் தோன்றும். ஆனால் வேர்முண்டில் உட்கார்ந்தவர் இருபது நிமிடத்தில் நெளியத் தொடங்குவார், அதோடு அன்றைய காலை முடிந்தது.

துப்பாக்கி 12 அல்லது 20 போர் (குழல் அளவு) ஷாட்கன். 4, 5, 6 எண் ரவை, அதாவது சிறு குண்டுகள். குழல் நுனியில், ரவை அதிகம் சிதறாமல் குறுக்கும் இறுக்கமான சோக். பென்சில்வேனியாவில் வசந்தப் பருவத்தில் ரைஃபிளுக்கு இடமில்லை. புதியவர் பெரும்பாலும் தவிர்த்துவிடுவது காகிதச் சோதனை. 40 கஜத்தில் பெரிய தாள் கட்டி, நடுவில் 10 அங்குல வட்டம் வரைந்து சுட வேண்டும். வட்டத்துக்குள் 100 ரவையாவது விழுந்தால்தான் அந்தத் துப்பாக்கி, அந்தச் சோக், அந்தத் தோட்டா மூன்றும் பொருந்துகின்றன என்று பொருள். விழவில்லையா, 35, 30 என்று நெருங்கிப் பார்க்க வேண்டும். எங்கே 100 விழுகிறதோ அதுதான் அவருடைய எல்லை. இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால் குறி தலையும் கழுத்தும் மட்டுமே. மூளையிலோ கழுத்தெலும்பிலோ பட்டால் உடனே விழும். உடம்பில் பட்டால் தடித்த இறகும் மார்புச் சதையும் ரவையைத் தடுக்கும். பறவை காயத்தோடு பறந்துபோய் எங்கோ கிடந்து சாகும். வேட்டைக்காரருக்கு அதைவிடப் பெரிய வெட்கம் இல்லை என்பது எங்கள் கருத்து. தூரத்தை இருட்டிலேயே கணக்கிட்டு, 20, 30, 40 கஜத்தில் உள்ள மரங்களை மனதில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். சேவல் சிலிர்த்து வாலை விரித்து நிற்கும்போது கழுத்து உடம்புக்குள் இழுத்திருக்கும். அப்போது சுடக் கூடாது. ஒரு மெல்லிய 'சக்' கொடுத்தால் தலையைத் தூக்கும். இறகு முடிந்து வெறுந்தோல் தொடங்கும் இடத்தைக் குறிபார்க்க வேண்டும். குறி தவறுவதற்கு வழக்கமான காரணம், பறவையை நன்றாகப் பார்க்கும் ஆசையில் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து தூக்கிவிடுவது. ரவை தலைக்கு மேலே போய்விடும். அடுத்தது, மிக அருகில் விட்டுவிடுவது. பத்துப் பன்னிரண்டு கஜத்தில் ரவைக்கூட்டம் கைப்பிடி அகலம்தான், சற்று விலகினாலும் ஒன்றும் படாது.

எல்லாம் சரியாகச் செய்தும் சேவல் 60, 70 கஜத்தில் வந்து நின்றுவிடும். நடுவில் ஓடையோ, முள்வேலியோ, பள்ளமோ இருக்கும். அல்லது கூப்பிட்ட பெட்டை கண்ணில் படவில்லை என்று சந்தேகப்படும். தடையில்லாத பாதையில், அது மேடு ஏறித் தலையை நீட்டும்போதே சுடும் தூரத்துக்குள் வரும்படியான இடத்தைத் தேர்ந்தால் இந்தத் தொல்லை குறையும். மரத்திலிருந்து இறங்கியதும் நிஜப் பெட்டைகளோடு போய்விடுவதும் உண்டு. அப்போது புதியவர் மனம் தளர்ந்து எழுந்துவிடுகிறார். அவசரப்படக் கூடாது. ஒன்பது மணிக்குமேல் பெட்டைகள் ஒவ்வொன்றாக முட்டையிடப் பிரிந்து போகும். பத்து மணிக்குத் தனியாக நிற்கும் சேவல், விடியலில் திரும்பிக்கூடப் பார்க்காத குரலுக்கு ஓடி வரலாம். காற்றடிக்கும் நாளில் ஒலி எட்டாது. மழை நாளில் பறவைகள் திறந்த புல்வெளிக்கு வந்துவிடும்.

பாதுகாப்புப் பற்றிக் கட்டுரை பேசவே இல்லை. காட்டில் எல்லோரும் மறைவுடையில், பறவைக் குரலில் பேசிக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். சேவல் கொக்கரிக்கும் சத்தத்தை நோக்கிப் பதுங்கிப் போகவே கூடாது. அது இன்னொரு மனிதராக இருக்கலாம். பென்சில்வேனியாவில் வசந்தத்தில் பதுங்கித் தொடர்வதே சட்டவிரோதம், உட்கார்ந்து அழைத்துத்தான் வேட்டையாட வேண்டும். சேவலின் தலை நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலம் கைக்குட்டையிலோ காலுறையிலோகூட இருக்கக் கூடாது. பொதுக் காட்டில் சேவல் குரலை எழுப்பக் கூடாது. வேறொருவர் நம்மை நோக்கி வந்தால் கையை ஆட்டக் கூடாது, அந்த அசைவே பறவையாகத் தெரியும். அசையாமல் இருந்தபடி உரத்த மனிதக் குரலில் கூப்பிட வேண்டும். சேவலை ஈர்க்க வைக்கும் பொம்மைப் பறவையைத் தூக்கிப் போகும்போதும், சுட்ட பறவையைச் சுமந்து வரும்போதும் பளிச்சென்ற ஆரஞ்சுத் துணியில் மூட வேண்டும். பறவையின் வாலை விரித்து முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போகும் காணொளிகள்தான் இங்கே அதிகம் பகிரப்படுகின்றன. மனிதர் மனிதரைச் சுடுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. தாடியையும் முழு உடலையும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் கண்ணால் கண்ட பிறகே துப்பாக்கியின் சேஃப்டியை (பாதுகாப்புப் பூட்டை) விடுவிக்க வேண்டும்.

பறவை விழுந்ததும் அனுமதிச் சீட்டை நிரப்பிக் காலில் கட்டி, பிறகு துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மே மாத வெயிலில் குடலை உடனே நீக்கிக் குளிர்விக்காவிட்டால் இறைச்சி கெட்டுவிடும். மார்பு சீக்கிரம் வேகும். நடந்தே வாழும் பறவை என்பதால் கால் தசைநார் நிறைந்தது, மெல்லிய தீயில் மணிக்கணக்கில் வேக வேண்டும்.

இதில் எதையும் நம் மலைக்குக் கொண்டுவர முடியாது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்கோழி வேட்டையைத் தடை செய்கிறது. உரிமம் வாங்கிச் சுடும் பருவம் என்று எதுவும் இங்கே இல்லை. சட்டத்தின் பார்வையில் சுடுவது மட்டும் வேட்டையில்லை. கண்ணி வைப்பது, இரை தூவி ஈர்ப்பது, விரட்டுவது, கூட்டையும் முட்டையையும் கெடுப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். 'துப்பாக்கி இல்லை, வெறும் கம்பிதானே' என்ற வாதம் செல்லாது. அந்தக் கம்பி காட்டுக்கோழியோடு நிற்பதுமில்லை. தேயிலைப் புதர் ஓரத்தில் பிரேக் கம்பியில் கட்டிய சுருக்கில் முயலும் மாட்டும், கடமானும் மாட்டும், சிறுத்தையும் மாட்டும். இடுப்பில் கம்பி இறுகிய சிறுத்தையை மீட்க வனத்துறை வரும்போது, கொழுந்து பறிக்கப் போன பெண்கள் அதே வரிசையில் இருப்பார்கள்.

வேட்டைக்குக் கட்டுப்பாடு என்பதே இந்த மலைக்குப் புதிதில்லை. நீலகிரியில் விலங்கும் பறவையும் கண்முன் குறைந்தபோது 1877-ல் ஒரு சங்கம் தொடங்கியது. 1879-ல் மெட்ராஸ் அரசு நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, சுடக் கூடாத மாதங்களையும் உரிமத்தையும் விதித்தது. அதன் பிறகும் காட்டுக்கோழிக்கு வேறொரு கேடு வந்தது. சேவலின் கழுத்திறகில் மெழுகுப் பொட்டு வைத்தது போன்ற மஞ்சள் புள்ளிகளுக்காக, ஐரோப்பாவில் மீன் தூண்டிலில் கட்டும் செயற்கைப் பூச்சி செய்ய, கழுத்துத் தோலோடு உரித்து ஏற்றுமதி செய்தார்கள். இன்று அந்த வணிகம் பன்னாட்டுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத பறவை, நம் மலையின் இந்தச் சாம்பல் காட்டுக்கோழி. வேறு இடத்திலிருந்து பிடித்து வந்து விட்டுக்கொள்ளலாம் என்று நினைக்க வேறு இடமே கிடையாது.

ஆனால் வான்கோழி வேட்டையில் விசையை இழுக்கும் நிமிடத்துக்கு முன்பு வரை இருக்கும் அத்தனையும், காதும் பொறுமையும் தடயமும் தாளமும், இங்கே முழுக்கப் பயன்படும். பிப்ரவரி முதல் மே வரை காட்டுக்கோழிச் சேவல் விடியலில் நன்றாகக் கூவும். கோத்தகிரியில் பிப்ரவரி நடுவில் சூரிய உதயம் 6.40 அளவில், ஏப்ரல் நடுவில் 6.10 அளவில். அதற்கு முக்கால் மணி முன்பே இடத்தில் இருக்க வேண்டும். 'குக், காயா காயா குக்' என்று வெட்டி வெட்டி வரும் கூவல் அது. தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் வளர்க்கும் சேவல் கடைசிச் சுரத்தை நீட்டி இழுக்கும், இது சட்டென்று நிற்கும். இரண்டும் கலந்து கேட்கும் எஸ்டேட் ஓரங்களில் முதல் சில காலை குழப்பமாகவே இருக்கும். சோலை விளிம்பு, தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவிலுள்ள உண்ணிச்செடிப் புதர், மூங்கில் ஓரம் ஆகியவை நல்ல இடங்கள். குறிஞ்சி வகைச் செடிகளோ மூங்கிலோ விதை கட்டிய ஆண்டில் கூட்டமாகத் திரளும். பழனி மலையிலும் இதே முறை செல்லும்.

ஒன்றை மட்டும் தலைகீழாகச் செய்ய வேண்டும். இருட்டில் மரத்தடியில் முதுகு சாய்த்து அசையாமல் உட்காருவது இங்கே உயிருக்கு ஆபத்து. கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் கரடியும் காட்டெருமையும் விடியும் வரை நடமாடும். அசையாத மனிதரைக் கரடி அருகில் வந்த பிறகே உணரும், அப்போது அது ஓடாது, பாயும். ஆகவே எஸ்டேட் சாலையில், பார்வை திறந்த வளைவில், இருவராக, நின்றுகொண்டு கேட்க வேண்டும். சோலைக்குள் நுழையக் கூடாது. காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

எண்ணும் முறை எளிது. அரை கிலோமீட்டர் இடைவெளியில் நான்கு இடம், ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம். தாளின் நடுவில் ஒரு புள்ளி, அதுதான் நாம். ஒவ்வொரு கூவலையும் கேட்ட திசையில், மதிப்பிட்ட தூரத்தில், நேரத்தோடு குறிக்க வேண்டும். ஒன்று முடிக்கும் முன் இன்னொன்று கூவினால் இரண்டும் வெவ்வேறு சேவல். ஒரே திசையில் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டதை இன்னொரு பறவையாக எண்ணக் கூடாது. கிடைப்பது குறைந்தபட்ச எண்ணிக்கைதான். அப்படியே எழுத வேண்டும், கூட்டிச் சொல்லக் கூடாது. மூடுபனியும் காற்றும் உள்ள காலையை மூடுபனி, காற்று என்று குறிப்பில் எழுதாவிட்டால், குறைவாகக் கேட்டதைக் குறைந்துவிட்டதாக அடுத்த ஆண்டு படிக்கிறவர் நினைப்பார். பழகியவர்கள் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேரலாம். இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியலை ஏற்றலாம்.

கைபேசியில் பதிவு செய்த கூவலை ஒலிக்கவிட்டுச் சேவலை வெளியே இழுப்பதை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். போட்டிச் சேவல் நுழைந்துவிட்டது என்று எண்ணி அது மேய்ச்சலை விட்டு வெட்டவெளிக்கு வரும். பருந்தும் காட்டுப்பூனையும் அதைப் பார்க்கும். படத்துக்காகப் பத்துப் பேர் பத்து நாள் அதையே செய்தால், அந்தச் சேவல் அந்த இடத்தையே விட்டுப் போகலாம். சும்மா காத்திருந்தாலே ஏழு மணிக்குள் சாலை ஓரத்துக்குச் சருகு கிளற வரும் பறவைதான் அது.

எஸ்டேட் நிர்வாகங்களுக்குத் தங்கள் வாயிலாக ஒரு வேண்டுகோள்: பிப்ரவரி முதல் மே வரை ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை, பெயர் எழுதிக் கொடுப்பவர்களை உள் சாலைகளில் நடக்க அனுமதித்து, வாட்ச்மேனிடம் முன்பே சொல்லி வையுங்கள். புதர் ஓரங்களில் கம்பிச் சுருக்கு கண்ணில் பட்டால் தொடாமல், இடத்தைக் குறித்துப் படம் எடுத்து, அன்றே ரேஞ்சர் அலுவலகத்தில் கொடுக்கும் பொறுப்பை நடப்பவர்கள் ஏற்றுக்கொள்ளட்டும். ஆசிரியர் அவர்கள் அடுத்த ஞாயிறு இணைப்பில் வான்கோழிக் கட்டுரையின் தொடர்ச்சியாகக் காட்டுக்கோழி பற்றி ஒரு பக்கம் ஒதுக்கினால், கூவலைக் குறிக்கும் மாதிரித் தாளை வரைந்து அனுப்பத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பறவை நோக்கும் வாசகர்கள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.